247 எழுத்தும் ஒப்பிக்கிறாள், ‘கடல்’ படிக்க வரவில்லை: எங்கே தொடங்குவது?

முல்லைக்கொடி:

வணக்கம். மகளுக்கு ஐந்தரை வயது. அட்டவணையைப் பார்க்காமலே க, கா, கி, கீ என்று கடைசி வரிசை வரை சொல்லிவிடுவாள். எழுத்தைத் தனியாகத் தொட்டுக் காட்டினாலும் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறாள். ஆனால் ‘கடல்’ என்று எழுதிக் காட்டினால் “க, ட, இல்” என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறாள். பக்கத்தில் படம் இருந்தால் அதைப் பார்த்துக் ‘கப்பல்’ என்கிறாள்.

பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஃபோனிக்ஸ் முறை (எழுத்தின் பெயரை விட்டு, ஒலியைச் சொல்லிச் சேர்த்துப் படிப்பது). தமிழுக்கு அதே முறை சரிப்படுமா? சரிப்படும் என்றால் எந்த எழுத்தில் தொடங்கி எந்த வரிசையில் போவது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? இரண்டு மொழியையும் ஒரே சமயத்தில் ஓட்டலாமா? விவரமாகச் சொன்னால் நன்றி.

---

ஒலிப்பலகை:

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. “க, ட, இல்” என்கிறாளே, அந்த ‘இ’ எங்கிருந்து வந்தது? மெய்யெழுத்தை இக், இங், இச் என்று சொல்லிக்கொடுத்ததிலிருந்து வந்தது. அது எழுத்தின் பெயர். சொல்லுக்குள் ஒலிப்பது ‘ல்’ மட்டும். க, ட, இல் மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் ‘கடஇல்’ என்றுதான் வரும். குழந்தை சொன்னபடிதான் செய்கிறாள், கொடுத்த ஒலி தப்பு. ‘ஆனா, ஆவன்னா, கானா, காவன்னா’ என்று பழகிய வீடுகளில் இதே சிக்கல் இன்னொரு விதமாக வரும். அங்கே குறில் எழுத்தின் பெயரே நெடிலில் தொடங்குகிறது.

ஆகவே முதல் மாற்றம்: மெய்யைத் தனியாகச் சொல்லவைப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். புள்ளி வைத்த எழுத்து எப்போதும் முன் எழுத்தோடு ஒட்டியே ஒலிக்கும் என்று பழக்குங்கள். கல், பல், கண், மண் இவை ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் வரும் ஒரு துண்டு. ‘கடல்’ என்பது க, டல் என்ற இரண்டு துண்டு. புள்ளிக்காரனை முன்னால் இருப்பவன் கையைப் பிடித்துக்கொண்டு வருபவனாகக் காட்டினால் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு எழுத்துக்கும் அடியில் பென்சிலால் ஒரு வளைகோடு போட்டால் போதும்.

இரண்டாவது, சேர்க்கும் விதம். ஆங்கில ஃபோனிக்ஸில் ஒலிகளை இழுத்து இழுத்து இணைப்பார்கள். அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கெட்டுப்போகும். ‘ப’வை இழுத்தால் ‘பா’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடாம்’ ஆகிவிடும். குறிலும் நெடிலும் வேறு வேறு சொல்லாகும் மொழியில் இழுப்பு கூடாது. அதற்குப் பதிலாக அடுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரு தாளால் சொல்லை மூடி, முதல் எழுத்தை மட்டும் திறங்கள்: க. அடுத்ததைத் திறந்ததும் ‘ட’ என்று தனியாகச் சொல்ல விடாதீர்கள், முதலிலிருந்தே சொல்லட்டும்: கட. மூன்றாவதும் திறந்ததும்: கடல். பிறகு தாளை எடுத்துவிட்டு, விரலை ஓட்டிக்கொண்டே ஒரே மூச்சில் கடல். நினைவில் மூன்று தனி ஒலிகளைத் தாங்க வேண்டிய சுமை இதில் இல்லை. எப்போதும் ஏற்கனவே சேர்ந்த ஒன்றோடு புதிதாக ஒன்றைச் சேர்ப்பதுதான் வேலை.

இதற்கெல்லாம் முன் ஒரு சோதனை, எழுத்தே இல்லாமல், காதால் மட்டும். ஒலிகளுக்கு நடுவே ஒரு நொடி இடைவெளி விட்டு நீங்கள் சொல்லுங்கள், அவள் சேர்த்துச் சொல்லட்டும். முதலில் இரண்டு துண்டு: பூ…னை, வீ…டு, கா…து. அடுத்து மூன்று: த…வ…ளை, ப…ட…கு. கடைசியாக மெய்யில் முடிபவை: ம…ர…ம், க…ட…ல். (ம், ல் இரண்டையும் உதடும் நாக்கும் காட்டும்படி ஒலியாகவே சொல்லுங்கள்.) பத்துச் சொல்லில் குறைந்தது எட்டு சேர்ந்தால் எழுத்துக்குப் போகலாம். சேரவில்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் இதையே விளையாட்டாகச் செய்யுங்கள். காதில் சேராதது தாளில் சேராது.

எழுத்து வரிசை பற்றி அடுத்துத் தனியாக எழுதுகிறேன்.

---

ஒலிப்பலகை:

வரிசைக்கு வருகிறேன். 247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கற்க வேண்டியது 12 உயிர், 18 மெய்யின் வடிவம், ஒரு கையளவு குறிகள், அவை சேரும் விதம். ‘ங’ வரிசையில் அன்றாடச் சொல்லில் வருவது ஏறக்குறைய ‘ங்’ ஒன்றுதான். ‘ஞ’ வரிசையிலும் சிலதான். அவற்றை ங்க, ஞ்ச என்ற கூட்டாகவே, சங்கம், பஞ்சு என்ற சொற்களோடு பின்னால் காட்டினால் போதும்.

அகர வரிசையில் போகாதீர்கள். அ, ஆ, இ, ஈ என்று பன்னிரண்டும் முடித்த பிறகும் ‘ஈ’ போன்ற ஓரெழுத்துச் சொல்லைத் தவிர வேறு எதையும் படிக்க முடியாது, ஏனென்றால் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும். நான் பரிந்துரைப்பது இது.

முதல் தொகுதி ப, ட, ம, இவற்றோடு ம், ட். ஐந்தே வடிவம்தான், ஆனால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொல் உடனே கிடைக்கிறது. மூன்றாம் நாளே குழந்தை உண்மையான சொல்லைப் படிக்கிறது.

இரண்டாம் தொகுதி க, ர, வ, ல், க். இப்போது கடல், பகல், மரம், வரம், கரம், மடல், கல், பல், வட்டம், கட்டம், பக்கம். உங்கள் மகளுக்குக் ‘கடல்’ இங்கேதான் வர வேண்டும், இதற்கு முன்னால் அல்ல.

மூன்றாவதாக ண, ழ, த, ந, ச, ண் சேர்த்தால் பணம், பழம், மணல், நகம், தரம், கண், மண், சக்கரம். இதோடு ‘அ’வையும் கொடுங்கள்: அவல், அகல், அரம். ‘ண’வை ‘ன’வோடு ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டாம். ய-ப, த-ந, ல-வ போன்ற முகச்சாயல் உள்ள ஜோடிகளுக்கும் இதேதான்: ஒன்று நன்றாக ஊறிய பிறகு மற்றது, நடுவே குறைந்தது ஒரு வாரம் (இரண்டும் ஒரே தொகுதியில் வந்தாலும்).

பிறகு குறிகள். துணைக்கால் முதலில். இதில் எழுத்தின் உருவம் மாறாது, பக்கத்தில் ஒரு கால் சேரும். கல்-கால், பல்-பால், படம்-பாடம், மடம்-மாடம், வரம்-வாரம் என்று ஜோடி ஜோடியாக எழுதிப் படிக்கவையுங்கள். ஒரு குறி பொருளையே மாற்றுவதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது, அவசரப்படாமல் நில்லுங்கள். ‘மாமா வா. படம் பார். அம்மா, பால் தா.’ என்ற வாக்கியங்களும் இங்கே பிறந்துவிடுகின்றன.

அதன் பின் ி, ீ (படி, நரி, வழி, மீன், தீ). அடுத்தது உகரம், அதுதான் தமிழின் மிகக் கரடுமுரடான பகுதி. அதை ஒரே குறியாகச் சொல்லிக்கொடுக்கப் பார்க்காதீர்கள், உருவத்தை வைத்து மூன்று குடும்பமாகப் பிரியுங்கள். வளைந்து சுற்றுபவை கு, டு, மு, ரு, ழு, ளு. கீழே கோடு இறங்குபவை சு, பு, யு, வு. காலடியில் சுழித்து மேலே எழுபவை து, நு, ணு, னு, லு, று. ஒரு குடும்பத்துக்கு நான்கைந்து நாள். சொல்லின் கடைசியில் அதிகம் வருவது கு, சு, டு, து, பு, று என்பதால் அந்த ஆறும் முந்த வேண்டும்: மாடு, காது, படகு, பசு, பாம்பு. ‘மாடு’வை ‘மாடூ’ என்று உதடு குவித்துப் படித்தால் திருத்துங்கள். அது குற்றியலுகரம், பேசும்போது வருவது போலக் குறுகியே முடிய வேண்டும். குழந்தை ‘மாடூ’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் வரை அது தனக்குத் தெரிந்த மாடு என்று அதற்கே தெரியாது. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தனி உருவம், அவற்றைத் தனியாகவே காட்டுங்கள்.

கடைசியாகக் கொம்புகள். ெ, ே, ை மூன்றும் எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலியோ பின்னால் வரும். கண் போகும் திசையும் காது கேட்கும் திசையும் மோதுகிற இடம் இது ஒன்றுதான். ‘மேடு’வைப் பார்த்ததும் கொம்பிலேயே நின்று விழிப்பார்கள். கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காமல் அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டே ஒலிக்க வேண்டும் என்று பழக்குங்கள். கொம்பும் எழுத்தும் ஒரே நிறத்தில், மற்றவை வேறு நிறத்தில் என்று முதல் வாரம் எழுதிக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்பது பதியும். ொ, ோ இதற்கும் பிறகு. அங்கே ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படிப்பது சகஜம், துணைக்கால் ‘ர’ போலத் தெரிவதால். ‘ர’வின் அடியில் சாய்ந்த முனையை ஒரு நிறத்தால் காட்டிவிடுங்கள். ஔகாரத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள், சொற்களே மிகக் குறைவு.

---

நாள்முறை:

மேலே சொன்னது எல்லாம் சரி. தினசரி நேரத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் வரிசை சரியாக இருந்தும் தவறிப்போவது பெரும்பாலும் இதில்தான்.

ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். முதல் 2 நிமிடம் பழைய எழுத்து அட்டைகள், எட்டிலிருந்து பத்து வரை, கலைத்துப் போட்டு. வரிசையில் காட்டினால் பாட்டுதான் வரும், எழுத்து வராது. அடுத்த 3 நிமிடம் புதிய எழுத்து: நாள் ஒன்றுக்கு ஒன்று, வாரத்துக்கு மூன்றைத் தாண்டாமல். பிறகு 5 நிமிடம் சொல் சேர்ப்பு, எட்டுச் சொல். அதன் பின் 3 நிமிடம் சொல்வதை எழுதுதல், மூன்றே சொல். மிச்ச 2 நிமிடம் ஒரு வரி வாசிப்பு.

சொல்வதை எழுதும் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வாசிப்பு சேர்ப்பது, எழுத்து பிரிப்பது, இரண்டும் ஒரே திறமையின் இரு பக்கம். ‘பட்டம்’ என்று சொல்லி, துண்டுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள் (பட், டம்), பிறகு எழுதட்டும். ‘படம்’ என்று எழுதினால் அவளுக்கு ட்ட, ட வேறுபாடு காதில் விழவில்லை என்று உடனே தெரிந்துவிடும். பென்சில் பிடி இன்னும் பழகவில்லையென்றால் அட்டைகளை அடுக்கினாலே போதும்.

தவறினால் சொல்லைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். தவறிய எழுத்தைச் சுட்டி “இது என்ன?” என்று கேளுங்கள். அதைச் சொன்னதும் சொல்லை முதலிலிருந்து சேர்க்கவிடுங்கள். எழுத்தே தெரியவில்லையென்றால் அந்த எழுத்தின் ஒலியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பத்துச் சொல்லில் இரண்டுக்கு மேல் தவறினால் பாடம் கடினமாகிவிட்டது என்று பொருள். அன்று புதிய எழுத்து வேண்டாம், முந்தைய தொகுதிக்குப் போங்கள்.

படத்தைப் பார்த்து ஊகிப்பதற்கு ஒரே மருந்து, படித்து முடிக்கும் வரை படத்தை மறைப்பது. படித்த பிறகு படத்தைத் திறந்து “சரியா வந்ததா?” என்று பார்க்கட்டும், அதில் ஒரு மகிழ்ச்சியும் உண்டு. இன்னொன்று, தொகுதி தொகுதியாகப் போகும் வரை அவள் தானே படிக்கும் வாசகத்தில் கற்றுக்கொடுக்காத எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடையில் வாங்கும் கதைப்புத்தகம் எதுவும் இந்த வரிசைப்படி இருக்காது. அவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவளுக்கான வரிகளை நீங்களே எழுதுங்கள்.

அவள் உண்மையில் படிக்கிறாளா, மனப்பாடமா என்று பார்க்கப் பொருளில்லாச் சொல் எழுதிக் கொடுங்கள்: டகல், லபம், மவட்டம். இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையில் 40 சொல், அதில் 20 இப்படிப் பொருளில்லாதவை. வாரம் ஒருமுறை ஐந்து சொல் போதும். ‘இது ஒரு விசித்திரப் பிராணியின் பெயர்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ‘டகல்’லைக் ‘கடல்’ என்று திருத்திப் படிப்பாள்.

---

எழுத்தும்பேச்சும்:

இரண்டு பேரும் தொடாத ஒன்று. சரியாகச் சேர்த்துப் படித்த பிறகும் குழந்தை விழிக்கும், ஏனென்றால் எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் வேறு. ‘இலை’ என்று சேர்த்துவிடுவாள், ஆனால் அவள் காதில் இருப்பது ‘எல’. ‘உடம்பு’ அவளுக்கு ‘ஒடம்பு’, ‘இடம்’ ‘எடம்’, ‘தலை’ ‘தல’. சேர்த்து முடித்ததும் “இதை நாம எப்படிச் சொல்லுவோம்?” என்று கேளுங்கள். ‘எல’ என்று அவளே கண்டுபிடித்தால் அந்த ஒரு நொடியில் எழுத்துக்கும் பொருளுக்கும் பாலம் விழுகிறது. பேச்சு வடிவத்தைத் தப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதன் மறுபக்கம்: எழுத்தில் மட்டுமே உள்ள வடிவங்களைக் காதால் முன்பே கேட்டிருக்க வேண்டும். தினமும் பத்து நிமிடம் நீங்கள் கதை வாசித்துக் காட்டினால் ‘வந்துவிட்டான்’, ‘சென்றது’ எல்லாம் பழகிய ஒலியாகிவிடும். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தும்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டி அல்ல. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

ஒரே எழுத்துக்குப் பல ஒலி இருப்பதையும் கவனியுங்கள். பக்கம், தங்கம், பகல் மூன்றிலும் ‘க’ ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சட்டை, மஞ்சள், பச்சை மூன்றிலும் ‘ச’ அப்படித்தான். குழந்தைக்கு விதியாகச் சொல்ல வேண்டாம். இரட்டித்தால் அழுத்தம், மூக்கொலிக்குப் பின் மென்மை என்று கூட்டுகளாகப் பழக்கினால் போதும்: க்க, ங்க, ச்ச, ஞ்ச, ட்ட, ண்ட, த்த, ந்த, ப்ப, ம்ப. இந்தப் பத்துக் கூட்டும் கண்ணுக்குப் பழகினால் வாசிப்பு வேகம் சட்டென்று கூடும். ற்ற, ன்ற இரண்டும் கடைசியில். காற்று, கன்று என்பவற்றை எழுத்து எழுத்தாகச் சேர்த்தால் சொல்லே கிடைக்காது, கூட்டாகத்தான் ஒலிக்க வேண்டும்.

---

முல்லைக்கொடி:

மிக்க நன்றி. காது சோதனை செய்து பார்த்தேன். இரண்டு துண்டு பத்துக்குப் பத்து. மூன்று துண்டு ஆறு. மெய்யில் முடிபவை மூன்றுதான் வந்தன. அப்படியானால் எழுத்தை நிறுத்திவைக்க வேண்டுமா? இன்னொன்று, ல, ள, ழ மூன்றையும் ஒரே மாதிரி சொல்கிறாள். ஆங்கிலம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

ஒலிப்பலகை:

முழுதாக நிறுத்த வேண்டாம். ப, ட, ம அட்டைகளைக் காட்டிக்கொண்டே காது விளையாட்டில் மெய்யில் முடிபவற்றை மட்டும் கூட்டுங்கள். மூன்று துண்டாகச் சொல்லாமல் ம…ரம், க…டல் என்று இரண்டாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் உடனே வந்துவிடும். அதில் பத்துக்கு எட்டு வந்தபின் ர…ம் என்பதைச் சேர்க்கவைத்து, பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

ல, ள, ழ பற்றி இப்போது கவலை வேண்டாம். இந்த வயதில் ‘ழ’ நாக்குக்கு வராமல் இருப்பது இயல்பு, வாசிப்புக்கு அது தடையும் இல்லை. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று ஒலித்தாலும் எந்தச் சொல் என்று தெரிந்துவிடுகிறது. சிக்கல் எழுதும்போதுதான் வரும், அப்போது சொல் சொல்லாகப் பழக வேண்டும். ந, ன, ண-வுக்கு மட்டும் ஓர் எளிய வழி உண்டு: தமிழ்ச் சொல்லின் முதலில் ‘ந’ மட்டுமே வரும், ன-வும் ண-வும் வராது. ‘ந்’ வந்தால் பின்னால் ‘த’ வரும் (பந்து, வந்தான்). அதேபோல ‘ற’வும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது.

---

இருமொழி:

ஆங்கிலத்துக்கு நான் சொல்கிறேன். இரண்டையும் ஓட்டலாம், ஆனால் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வேண்டாம். தமிழ் காலையில் என்றால் ஆங்கிலம் மாலையில். காரணம், ஒலியின் அளவு வேறு. தமிழில் ஓர் உயிர்மெய் ஒரு துண்டு, ஆங்கிலத்தில் அதே அளவுக்கு இரண்டு எழுத்து. தமிழ்க் குழந்தை ஆங்கில எழுத்தின் ஒலியையும் உயிர்மெய்யாகவே சொல்லும்: ‘ட்’ என்பதை ‘ட’ என்றோ ‘டு’ என்றோ. அதை வைத்துக் ‘கேட்’ (cat, பூனை) என்ற சொல்லைச் சேர்த்தால் ‘கேட்டு’ ஆகும். ஆங்கிலத்துக்கு ஒலியைக் கத்தரித்துச் சொல்லப் பழக்குவதுதான் முதல் வேலை. அங்கே இழுத்துச் சேர்ப்பது சரி, ‘ஸ்ஸ்ஸ்’, ‘ம்ம்ம்’ என்று தொடங்கும் சொற்களை முதலில் எடுங்கள்.

பள்ளியில் பெரும்பாலும் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்குவார்கள். அகர வரிசையை விட்டுவிட்டு இப்படி ஆரம்பிப்பதன் காரணம் ஒலிப்பலகை சொன்ன ப, ட, ம-வுக்கு உள்ள காரணம்தான்: சில எழுத்தில் நிறையச் சொல். ஆங்கிலத்தில் 26 எழுத்து சுமார் 44 ஒலியைச் சுமக்கிறது, அதனால் அது நீண்ட பயணம். தமிழில் குறிகளைக் கற்றுவிட்டால் ஏறக்குறைய எந்தச் சொல்லையும் படிக்கலாம். எனவே தமிழில் துணைக்கால் வரை வந்தபின் ஆங்கிலத்தில் வேகம் கூட்டுவது நல்லது. சேர்ப்பது என்றால் என்ன என்று ஒரு மொழியில் புரிந்த குழந்தைக்கு அடுத்ததில் அதை மறுபடி விளக்க வேண்டியதில்லை.

காது விளையாட்டு இரண்டு மாதம் தவறாமல் செய்தும் இரண்டு துண்டுகூடச் சேராத குழந்தை என்றால் முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கவலை இல்லை, பத்துக்குப் பத்து வந்திருக்கிறது.

---

நாள்முறை:

ஒரு சிறு எச்சரிக்கை. வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கு வேறு உருவம் இருந்தது. பெரியவர்கள் கையெழுத்தில் இன்றும் பழைய ‘லை’ வரும். தாத்தா பாட்டி அட்டை எழுதிக் கொடுத்தால் இந்த எழுத்துகளை மட்டும் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.